அளவு ஜாக்கெட்டை வைத்து ரோபோ பழகிய கதை

செங்கோட்டையில் ஜூன் மாதம் பிறந்தால் மேற்கே மலையைப் பார்ப்பது ஒரு தனி வேலை. மலை தெரிந்தால் துணி காயும். மலை மறைந்தால் கொஞ்ச நேரத்தில் சாரல் மாடிக்கு வந்துவிடும். எனக்குத் தையல் கடை. கீழே கடை, மேலே வீடு, அதற்கு மேல் மொட்டை மாடி. காட்டன் துணியையும் லைனிங்கையும் தைப்பதற்கு முன்னால் நனைத்து, சுருங்கவிட்டு, காயப்போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே பிளவுஸ் பிடித்துக்கொள்ளும். ஓணம் சமயத்தில் எல்லை தாண்டி, கேரளத்து ஆரியங்காவு, தென்மலைப் பக்கமிருந்து செட்டு முண்டுக்குப் பிளவுஸ் தைக்க நிறையப் பேர் வருவார்கள். அப்படி ஒரு ஓணத்துக்கு முந்தின வாரம், மெஷின் சத்தத்தில் மழை கேட்காமல், காய்ந்து எடுக்க வேண்டிய பதினாறு லைனிங் துணியும் மறுபடி நனைந்துவிட்டன. சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியவில்லை. தென்மலையிலிருந்து வந்த ஒரு அக்கா வெறுங்கையோடு ரயிலுக்குத் திரும்பிப் போனார். மழை விழுந்தால் கடைக்குள் மணி அடிக்கிற ஒன்றை நானே செய்துவிட வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரிதான் நினைத்தேன்.

அப்போது எனக்கு வயது நாற்பத்து மூன்று. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். நிரல், அதாவது கம்ப்யூட்டருக்கு எழுதுகிற கட்டளை, என்றால் என்னவென்று தெரியாது. இப்போது நாலு வருடம் ஆகிறது. அந்த மழை மணி மூன்றாவது சாரலாக வேலை செய்கிறது. தரையில் போட்ட கோட்டைப் பார்த்து அதன்மேல் போகிற ஒரு சின்ன வண்டியும் செய்துவிட்டேன். என்னைப் போல வேலைக்கு நடுவில், ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் கிடைக்கிறவர்கள் எப்படித் தொடங்கலாம், எங்கே தடுக்கும் என்பதை என் கை அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில், எந்த மொழி படிப்பது, பைத்தானா, சி-யா என்று யோசித்து நாளைக் கடத்தாதீர்கள். வீட்டில் தினமும் எரிச்சல் தருகிற ஒரு விஷயத்தைப் பிடியுங்கள். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதா, கோழிக்கூட்டுக் கதவை மூட மறந்துபோகிறதா, கடையில் ஆள் வந்தால் உள்ளே தெரிவதில்லையா? அதில் ஒன்று போதும். ரோபோ என்றால் கை, கால், முகம் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏதோ ஒன்றை உணர்ந்து, அதை வைத்து ஒரு முடிவெடுத்து, அந்த முடிவின்படி எதையாவது அசைக்கிறதா, அது ரோபோ. மழை மணியில் முதல் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவது பின்னால் வரும்.

என்ன வாங்குவது

என் தங்கையைப் புனலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் மகன் அங்கே அரசுப் பள்ளியில் லிட்டில் கைட்ஸ் மன்றத்தில் இருந்தான். கேரள அரசின் கைட் நிறுவனம் 2018 முதல் உயர்நிலைப் பள்ளிகளில் நடத்துகிற மாணவர் மன்றம் அது. பள்ளிக்கூடத்துக்கே ஆர்டுயினோ போர்டு (நிரலை ஏற்றி ஓட்டுகிற ஒரு சின்ன கம்ப்யூட்டர் அட்டை) உள்ள ரோபோட்டிக்ஸ் பெட்டி கொடுத்திருக்கிறார்கள். லீவுக்கு வந்தவன் தன்னுடைய பழைய பிரெட்போர்டையும் (ஈயம் வைக்காமல் வயரைச் செருகிப் பார்க்கிற ஓட்டைப் பலகை) ஒரு கைப்பிடி வயரையும் என் கட்டிங் மேஜைமேல் வைத்தான். "பெரியம்மா, இது இங்கயே இருக்கட்டும். எனக்கு ஸ்கூல்ல வேற உண்டு, சாரமில்ல" என்றான். புனலூரில் வளர்ந்த பிள்ளை, பாதி மலையாளம் கலந்துதான் பேசுவான்; சாரமில்ல என்றால் பரவாயில்லை. என் முதல் பாடம் அந்த பிரெட்போர்டுதான்.

போர்டுக்கு ஆர்டுயினோ ஊனோ என்பதையே வாங்குங்கள். 2005-ல் இத்தாலியில் இவ்ரேயா என்ற ஊரில், மின்னணு படிக்காத மாணவர்களும் பயன்படுத்த வேண்டும் என்று உருவாக்கிய போர்டு இது. அதன் வரைபடத்தை எல்லோருக்கும் திறந்து கொடுத்துவிட்டதால் அதைப் பார்த்துச் செய்த குளோன் போர்டுகள் மலிவாகக் கிடைக்கின்றன. பழகுவதற்கு அதுவே தாராளம். கூடவே எல்இடி என்ற சின்ன விளக்கு பத்து, கரண்ட்டைக் குறைக்கிற 220 ஓம் ரெசிஸ்டர் பத்து (சிவப்பு, சிவப்பு, பிரவுன் பட்டை இருக்கும்), புஷ் பட்டன் இரண்டு, சத்தம் போடுகிற பஸர் மாட்யூல் ஒன்று, ஜம்பர் வயர் ஒரு கட்டு. இவ்வளவுதான். ஐம்பது சென்சார் (ஒளி, ஈரம் மாதிரி எதையாவது உணர்கிற துண்டு) போட்டு வருகிற பெரிய பெட்டியை வாங்காதீர்கள். அதில் முக்கால்வாசி திறக்காமலே கிடக்கும்.

ஒன்றை மட்டும் விடக்கூடாது: மல்டிமீட்டர். மலிவானதே போதும். இஞ்ச் டேப் இல்லாமல் துணி வெட்ட உட்காருவோமா? அதே மாதிரிதான். இரண்டு இடம் உள்ளே இணைந்திருக்கிறதா என்று தொடர்ச்சி பார்க்கிற பீப் வசதியும், பேட்டரி மாதிரி டிசி வோல்ட் பார்க்கிற வசதியும் இருந்தால் சரி. பிரெட்போர்டில் நடுவில் ஐந்து ஐந்து ஓட்டையாக உள்ளே இணைந்திருக்கும், நடுப்பள்ளத்தைத் தாண்டி இணையாது, ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் என்று எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் மீட்டரை வைத்து ஓட்டை ஓட்டையாகத் தொட்டுப் பாருங்கள். சில பிரெட்போர்டில் அந்த ஓரக் கோடு நடுவில் அறுந்திருக்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது, பீப் சத்தம் சொல்லிவிடும்.

கம்ப்யூட்டருக்கு என் மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். பழையது, மெதுவானது. ஆர்டுயினோ மென்பொருளின் 2-ஆம் பதிப்பு அதில் திணறியது, 1.8 பதிப்பு நன்றாக ஓடியது. புது லேப்டாப் வாங்கிவிட்டுத் தொடங்கலாம் என்று தள்ளிப்போட வேண்டியதில்லை.

கேபிள் விஷயத்தில் எனக்கு இரண்டு ராத்திரி வீணானது. ஒரு கடையில் போர்டோடு கொடுத்த யுஎஸ்பி கேபிளில் போர்டின் விளக்கு எரிகிறது, ஆனால் லேப்டாப்புக்குப் போர்டே தெரியவில்லை. உள்ளே கரண்ட் வயர் மட்டும் இருக்கிற சார்ஜிங் கேபிள் அது. தகவல் போகிற இரண்டு வயர் அதில் கிடையாது. கேபிளை மாற்றியும் தெரியவில்லை என்றால், குளோன் போர்டுகளில் இருக்கிற சிஎச்340 சிப்புக்கான டிரைவர் என்ற மென்பொருளை லேப்டாப்பில் போட வேண்டும். தொடங்குகிற பலரும் நின்றுபோவது இந்த முதல் படியில்தான். இது உங்கள் தப்பில்லை, கேபிளைப் பாருங்கள்.

அளவு ஜாக்கெட்

தையல் கடைக்கு வருகிறவர்கள் யாரும் முப்பத்தாறு, பதினாலரை என்று அளவைச் சொல்லிவிட்டுப் போவதில்லை. ஒரு அளவு ஜாக்கெட்டைக் கொடுப்பார்கள். "இதே மாதிரி, கை மட்டும் ஒரு இஞ்ச் இறக்கம், கழுத்து கொஞ்சம் கீழே" என்பார்கள். நான் நிரல் பழகியதும் அப்படியே.

ஆர்டுயினோ மென்பொருளில் எக்ஸாம்பிள்ஸ் என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் பிளிங்க் என்பதைத் திறந்தால், போர்டிலேயே இருக்கிற 13-ஆம் எண் விளக்கு ஒரு நொடி எரிந்து ஒரு நொடி அணைகிற நிரல் வரும். அதைப் போர்டில் ஏற்றுங்கள். விளக்கு சிமிட்டும். இதுதான் அளவு ஜாக்கெட். இப்போது ஒரே ஒரு இடத்தைத் தொடுங்கள். இரண்டு இடத்தில் 1000 என்று இருக்கும், மில்லி நொடிக் கணக்கு. ஒன்றை மட்டும் 200 ஆக்குங்கள். ஏற்றுவதற்கு முன்னால், என்ன ஆகும் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். "சட்டென்று எரிந்து, நெடுநேரம் அணைந்திருக்கும்" என்று எழுதிவிட்டு ஏற்றிப் பார்த்தால், எழுதியதும் நடந்ததும் ஒத்துப்போகும், அல்லது போகாது. போகாத இடத்தில்தான் புதிதாக ஒன்று தெரியப்போகிறது.

அந்த நோட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அளவு நோட்டின் பின்பக்கம்தான். முன்னால் இருந்து வாடிக்கையாளர் அளவு, பின்னால் இருந்து நிரல்.

ஒவ்வொரு ஆர்டுயினோ நிரலிலும் இரண்டு பகுதி இருக்கும். செட்அப் என்பது காலையில் மெஷினைத் துடைத்து, எண்ணெய் விட்டு, நூல் கோத்து, பாபின் போடுவது. ஒரு தடவைதான். லூப் என்பது சக்கரம். கரண்ட் இருக்கிற வரைக்கும் சுற்றிச் சுற்றி வரும். நீங்கள் எழுதுகிற ஒவ்வொரு வரியையும் "இது காலையில் ஒரு தடவை செய்கிறதா, சக்கரம் சுற்றும்போதெல்லாம் செய்கிறதா?" என்று கேட்டாலே எந்தப் பகுதியில் போட வேண்டும் என்று தெரிந்துவிடும். நிரலில் மாறி (வேரியபிள்) என்பது பட்டன் டப்பாமேல் ஒட்டுகிற பேர். டப்பாவுக்குள் இருப்பது மாறும், பேர் மாறாது.

வீடியோ பார்த்துக்கொண்டே போவதால் கை வராது. நகல் எடுத்து ஒட்டினாலும் வராது. ஒவ்வொரு எழுத்தையும் நீங்களே அடியுங்கள். வரிக் கடைசியில் அரைப்புள்ளி விட்டுப்போகும், பெரிய எழுத்து சின்ன எழுத்தாகும், மென்பொருள் கீழே சிவப்பாக இருபது வரி கொட்டும். முதல் வரியை மட்டும் படியுங்கள். அதில் ஒரு எண் இருக்கும், எந்த வரியில் தடுக்கிறது என்று. பெரும்பாலும் அந்த வரியிலோ அதற்கு முந்தின வரியின் கடைசியிலோதான் தப்பு. அதைச் சரிசெய்தால் மீதிப் பத்தொன்பதும் தானாக மறைந்துவிடும். நூல் ஒரு இடத்தில் சிக்கினால் தையல் முழுக்கச் சுருங்குகிற மாதிரிதான்.

பிளிங்க் முடிந்ததும் வெளியே ஒரு எல்இடி, அப்புறம் பட்டன், அப்புறம் பஸர். எல்இடிக்கு ரெசிஸ்டர் ஏன் என்பதை மட்டும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். போர்டு கொடுப்பது 5 வோல்ட். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 3 வோல்ட்டை 220-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14 மில்லி ஆம்பியர். ஊனோவின் ஒரு பின் (வயர் செருகுகிற இடம்) 20 மில்லி ஆம்பியர் வரை நிம்மதியாகத் தாங்கும். 40-ஐத் தொட்டால் கெட்டுப்போகலாம். இந்த ஒரு கணக்கு தெரிந்தால், மோட்டாரை நேராகப் பின்னில் கொடுக்கக்கூடாது என்பதும் உங்களுக்கே புரிந்துவிடும்.

போர்டு வாங்கும் முன்னாலேயே பழக வேண்டுமென்றால் டிங்கர்கேட் என்ற இணையதளத்தில் இலவசமாக, திரையிலேயே போர்டும் வயரும் வைத்து ஓட்டிப் பார்க்கலாம். பட்டுத் துணியில் கத்தரி வைப்பதற்கு முன்னால் காடாத் துணியில் வெட்டிப் பார்ப்போமே, அது இது.

மழை மணி

மழை சென்சார் என்று விற்பது இரண்டு துண்டு. உள்ளங்கை அளவு ஒரு தகடு, அதில் சீப்புப் பல் மாதிரி இரண்டு செப்புக் கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் ஓடும். மழைத்துளி விழுந்தால் இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போக வழி கிடைக்கும். இன்னொன்று ஒரு சின்ன மாட்யூல். அதன் அனலாக் வயரை ஊனோவின் ஏ0 என்ற பின்னில் கொடுத்தால் 0 முதல் 1023 வரை ஒரு எண் வரும். காய்ந்திருந்தால் பெரிய எண், நனைந்தால் சின்ன எண்.

எந்த எண்ணுக்கு மணி அடிக்க வேண்டும்? இதைப் புத்தகம் சொல்லாது. உங்கள் ஊர் மழைதான் சொல்ல வேண்டும். அனலாக்ரீட் என்ற கட்டளை எடுக்கிற எண்ணைச் சீரியல் மானிட்டரில் (போர்டு அனுப்புவதை லேப்டாப்பில் காட்டுகிற ஜன்னல்) எழுத வையுங்கள். 9600 வேகம் என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் கோணல்மாணலாக எழுத்து வரும். நான் லேப்டாப்பை மாடிப்படியில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் எழுதினேன். வெயிலில் 1015 சுற்றி. விடிகாலை ஈரக்காற்றில் 900 வரை இறங்கும், மழை இல்லை. சாரல் தொடங்கிய முதல் நிமிடம் 700-ஐத் தொடும். ஊற்றுகிற மழையில் 300. ஆகவே 650-க்குக் கீழே போனால் மணி என்று வைத்தேன்.

வைத்தால், 650-ஐச் சுற்றி 648, 652, 649 என்று எண் ஆடும்போது மணி விட்டு விட்டுத் தத்தளித்தது. அடிக்க ஒரு எண், நிறுத்த வேறொரு எண் வைக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிந்தது. 650-க்குக் கீழே போனால் தொடங்கு, 800-ஐத் தாண்டினால்தான் நிறுத்து. நடுவில் இருக்கிற 150 ஒரு தையல் விளிம்பு மாதிரி, கொஞ்சம் இழுபறிக்கு இடம் கொடுக்கிறது. கூடவே ஒரு தடவை படித்ததை நம்பாமல் மூன்று தடவை படித்து மூன்றும் கீழே இருந்தால் மட்டும் அடிக்கச் சொன்னேன். காக்கா எச்சத்துக்கு அடித்த மணியும் தகட்டைச் சாய்த்து வைத்த பிறகு நின்றது. சாய்வு முக்கியம், தண்ணீர் தேங்கினால் மழை விட்ட பிறகும் ஒரு மணி நேரம் அடிக்கும்.

முதல் வருடம் இரண்டே மாதத்தில் தகட்டின் செப்புக்கோடு பச்சை பூத்து அரித்துவிட்டது. ஈரத்தில் எந்நேரமும் கரண்ட் ஓடினால் செம்பு கரையும். அதற்கு வழி, மாட்யூலுக்கு வேண்டிய 5 வோல்ட்டை நேராகக் கொடுக்காமல் போர்டின் ஒரு பின்னிலிருந்து கொடுப்பது. பத்து நொடிக்கு ஒரு தடவை அந்தப் பின்னை உயிர்ப்பித்து, எண்ணைப் படித்து, உடனே அணைத்துவிடச் சொன்னேன். அடுத்த தகடு இன்னும் இருக்கிறது. செடித்தொட்டி மண்ணில் குத்துகிற இரண்டு கால் ஈரப்பத சென்சாரும் இதே காரணத்தால்தான் அரிக்கிறது. அதற்குக் கெப்பாசிட்டிவ் வகை என்று கேட்டு வாங்குங்கள்.

மணியை நிறுத்த ஒரு பட்டன் வைத்தேன். அழுத்தினால் கேட்கவில்லை. காரணம், நிரலில் டிலே 5000 என்று போட்டிருந்தேன். டிலே என்றால் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, கண்ணையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அந்த ஐந்து நொடியும் போர்டு பட்டனைப் பார்க்காது. அதற்குப் பதில் மில்லிஸ் என்று ஒன்று உண்டு, போர்டு ஓடத் தொடங்கியதிலிருந்து எத்தனை மில்லி நொடி ஆயிற்று என்று சொல்லும். தைத்துக்கொண்டே சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்க்கிற மாதிரி. "கடைசியாகப் படித்து பத்து நொடி ஆகிவிட்டதா? ஆகியிருந்தால் படி, இல்லையென்றால் மேலே போ." பழகுகிறவர்களுக்குப் பிளிங்க்கிலிருந்து அடுத்த பெரிய படி இதுதான். ஒரு மாதம் ஆனாலும் இதைக் கைவசப்படுத்தாமல் மோட்டாருக்குப் போகாதீர்கள்.

இப்போது போர்டு மாடிப்படித் தலையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கிறது, பழைய போன் சார்ஜரில் ஓடுகிறது. வயர் மட்டும் கீழே கடைக்கு வந்து பஸரில் முடிகிறது.

அசைகிற பகுதி

மோட்டாருக்கு மஞ்சள் நிறத்தில் பல்சக்கரத்தோடு வருகிற பிஓ மோட்டார் இரண்டு, சக்கரம் இரண்டு, முன்னால் உருளுகிற சின்னச் சக்கரம் ஒன்று, எல்298என் என்ற மோட்டார் டிரைவர். போர்டு கட்டளை மட்டும் கொடுக்கும், டிரைவர்தான் பேட்டரியிலிருந்து பலத்தை எடுத்து மோட்டாருக்குக் கொடுக்கும். இந்த எல்298என் தனக்கென்று சுமார் 2 வோல்ட்டை விழுங்கிவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

என் வண்டி முதலில் அரை சாண் ஓடும், நிற்கும், மறுபடி அரை சாண் ஓடும். நிரலில்தான் தப்பு என்று மூன்று ராத்திரி நிரலையே மாற்றிக்கொண்டிருந்தேன். அது தப்பான வழி. ஒரு பிளவுஸ் தோளில் பிடித்தால் மொத்தத்தையும் பிரிப்பதில்லை. கை தையலைப் பிரித்து, போட்டுப் பார்த்து, சரியாகவில்லை என்றால்தான் அடுத்த தையல். நான்காம் ராத்திரி அப்படிச் செய்தேன். மோட்டார் வயர் இரண்டையும் கழற்றிவிட்டு ஓடவிட்டேன். போர்டு நிற்கவில்லை. ஒரு மோட்டாரை மாட்டினேன், போர்டின் விளக்கு ஒரு கணம் மின்னி, நிரல் முதலிலிருந்து தொடங்கியது. மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தால், சும்மா இருக்கும்போது 9 வோல்ட், மோட்டார் கிளம்பும்போது 5-க்கும் கீழே விழுகிறது. நான் போட்டிருந்தது டிவி ரிமோட்டைவிடக் கொஞ்சம் பெரிய கருவிகளுக்குப் போடுகிற அந்தச் சதுர 9 வோல்ட் பேட்டரி. அதால் மோட்டார் கேட்கிற கரண்ட்டைக் கொடுக்க முடியாது. மோட்டார் இழுத்ததும் வோல்ட் சரிகிறது, போர்டு செத்துப் பிழைக்கிறது.

18650 என்று சொல்கிற லித்தியம் செல் இரண்டை ஹோல்டரில் போட்டேன். ஒன்று 3.7 வோல்ட், முழுக்க ஏற்றினால் 4.2. இரண்டையும் தொடராகப் போட்டால் 7.4. எல்298என் விழுங்கியது போக மோட்டாருக்கு ஐந்துக்கு மேல் கிடைக்கும், போதும். போர்டுக்குத் தனியாக ஒரு பவர் பேங்க். இப்போது புதுத் தொல்லை: மோட்டார் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, தானாக நடுங்கியது. தங்கை மகனுக்கு வீடியோ காலில் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "பெரியம்மா, கிரவுண்ட் எங்க சேத்திருக்கீங்க?" என்றான். சேர்க்கவே இல்லை. போர்டின் ஜிஎன்டியையும் (அதுதான் கிரவுண்ட்) மோட்டார் பேட்டரியின் மைனஸையும் ஒரு வயரால் இணைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் போர்டு 5 வோல்ட் என்று சொல்வது எதிலிருந்து 5 என்று டிரைவருக்குத் தெரியாது. என் நாற்காலியிலிருந்து அளந்த உயரமும் உங்கள் தரையிலிருந்து அளந்த உயரமும் ஒத்துப்போகுமா? இரண்டு மின்சாரம் சேர்கிற எந்த வேலையிலும் முதலில் இதைப் பாருங்கள்.

லித்தியம் செல்லில் விளையாட வேண்டாம். பிளஸும் மைனஸும் நேராகத் தொட்டுக்கொண்டால் தீப்பிடிக்கும். சாவிக்கொத்து இருக்கிற பையில் போடாதீர்கள், செல்மேல் நேராக ஈயம் வைக்காதீர்கள், அதற்கென்று உள்ள சார்ஜரில் மட்டும், கண் முன்னால் வைத்து ஏற்றுங்கள். வீட்டு 230 வோல்ட்டை முதல் வருடம் தொடவே வேண்டாம். ரிலே என்ற சுவிட்ச்சை வைத்து மோட்டார் பம்பை ஓட்டுவது எப்படி என்று ஆயிரம் வீடியோ இருக்கும். எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது.

கோட்டைப் பார்த்துப் போகிற வண்டிக்கு ஐஆர் சென்சார் இரண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கீழே அனுப்பி, திரும்பி வருகிறதா என்று பார்க்கும். வெள்ளைச் சார்ட் அட்டையில் திரும்பும், கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் திரும்பாது. டேப் நடுவில், சென்சார் இரண்டும் டேப்புக்கு இரு பக்கமும். இடது சென்சார் கறுப்பைக் கண்டால் இடது பக்கம் திரும்பு, வலது கண்டால் வலது, இரண்டும் வெள்ளை என்றால் நேரே. நிரல் இவ்வளவே. சென்சார் தரையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், மேலே இருக்கிற திருகைத் திருப்பி அளவு பிடியுங்கள்.

ராத்திரியில் என் மேஜைமேல் அழகாகச் சுற்றியது. காலையில் கடைக்கதவைத் திறந்து வைத்து ஓட்டினேன், கோட்டை விட்டுவிட்டு வாசலைப் பார்த்துப் போனது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, சென்சாருக்குத் தன் ஒளி எது, வெயில் ஒளி எது என்று தெரியவில்லை. துணி வேலைதானே என்று கறுப்பு பாலியெஸ்டர் லைனிங்கில் சென்சாரைச் சுற்றி ஒரு சின்னப் பாவாடை தைத்துக் கட்டினேன். இன்னும் மோசமானது! சந்தேகம் வந்து, வெட்டுத்துணி மூட்டையிலிருந்து கறுப்புத் துணியாக எடுத்துச் சென்சாருக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு எல்லாம் ஒரே கறுப்பு. சென்சாரோ சிலதைக் கறுப்பு என்றது, லைனிங் உள்பட பலதை வெள்ளை என்றது. துணிச்சாயம் நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளியைத்தான் விழுங்குகிறது, அகச்சிவப்பைப் பல சாயங்கள் அப்படியே விட்டுவிடுகின்றன. இருபத்தைந்து வருடமாகக் கையில் புழங்குகிற துணியைப் பற்றி ஒரு சின்ன சென்சாரிடமிருந்து புதிதாகத் தெரிந்துகொண்ட அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். கடைசியில் அட்டையை மடித்து, சென்சார் ஏற்கனவே கறுப்பு என்று ஒத்துக்கொண்ட அதே இன்சுலேஷன் டேப்பை உள்பக்கம் ஒட்டி மறைப்புக் கட்டினேன். வெயிலிலும் ஓடுகிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு இதிலிருந்து ஒரு வேலை: எந்த சென்சார் வாங்கினாலும் முதல் நாள் நிரல் எழுதாதீர்கள். எண்ணை மட்டும் திரையில் ஓடவிட்டு, கையில் கிடைக்கிற எல்லாவற்றையும் அதன் முன்னால் காட்டுங்கள். தூரம் பார்க்கிற அல்ட்ராசோனிக் சென்சார் 2 சென்டிமீட்டர் முதல் 4 மீட்டர் வரை சொல்லும் என்று எழுதியிருக்கும். சுவரைக் காட்டினால் சொல்லும். தொங்குகிற கம்பளியைக் காட்டுங்கள், சத்தத்தை அது விழுங்கிவிடுவதால் எண் தாறுமாறாக வரும்.

இங்கிலீஷும் பாடமும்

இங்கிலீஷ் தெரியாதே என்று பயப்படுகிறவர்களுக்கு: மழை மணி நிரலில் நான் எண்ணிப் பார்த்தேன், திரும்பத் திரும்ப வருகிற இங்கிலீஷ் சொற்கள் இருபதுக்குள்தான். ஒவ்வொன்றுக்கும் எதிரே தமிழில் என் பேச்சில் அர்த்தம் எழுதிவைத்தேன். ஐஐடி பம்பாய் நடத்துகிற ஸ்போக்கன் டுடோரியலில் பல பாடங்கள் தமிழ்க் குரலில் கிடைக்கின்றன. எங்கள் மாதிரி எல்லைக்காரர்களுக்கு இன்னொரு வசதி, கேரளத்தில் பள்ளிப் பாடநூல்கள் தமிழ் வழியிலும் அச்சாகின்றன. 2025-26 கல்வியாண்டில் அங்கே பத்தாம் வகுப்பு ஐசிடி (தகவல் தொடர்புத் தொழில்நுட்பம்) பாடத்திலேயே ரோபோட்டிக்ஸ் வந்துவிட்டது. எழில் என்று தமிழிலேயே கட்டளை எழுதுகிற நிரல்மொழியும் இருக்கிறது. போர்டில் ஏற்ற முடியாது என்றாலும், ஆனால்-இல்லை, சுழற்சி என்பதெல்லாம் மனதில் படிய அது உதவும்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நிரலை முழுசாக எழுதித் தந்துவிடும். நான் அப்படிக் கேட்பதில்லை. நான் எழுதிய வரியைக் கொடுத்து, "இது ஏன் இப்படி நடக்கிறது?" என்று மட்டும் கேட்பேன். அடுத்தவர் தைத்த ஜாக்கெட்டைப் பிரிக்கத் தெரிந்தால்தானே எனக்கு வேலை தெரியும்.

வாரம் ஏழு நாளும் உட்கார வேண்டும் என்பதில்லை. பள்ளிச் சீருடை தைக்கிற மே, ஜூனிலும், ஓணத்திலும், தீபாவளியிலும் நான் போர்டைத் தொடுவதே இல்லை. விட்டுவிட்டுத் திரும்ப வரும்போது எங்கே நிறுத்தினோம் என்று மறக்காமலிருக்க, எழுந்திருக்கும் முன்னால் நோட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள்: "வலது மோட்டார் சரி, இடதில் வயர் தளர்வு, நாளைக்கு அதைப் பார்." வேலை செய்கிற நிரலைத் தேதி போட்டுத் தனியாகச் சேமியுங்கள், புது மாற்றத்தை நகலில் செய்யுங்கள். வண்டியை ஒரு படம் பிடித்துக்கொண்டு, எந்த நிற வயர் எந்தப் பின்னில் என்று அதன் பக்கத்தில் குறியுங்கள். சிவப்பு பிளஸ், கறுப்பு கிரவுண்ட், இதை மட்டும் என்றைக்கும் மாற்றாதீர்கள்.

இப்போது மாடியில், மழை மணி அடித்ததும் கொடியின்மேல் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்து மூடுகிற ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். பிஓ மோட்டாருக்கு அந்தப் பலம் இல்லை, காரில் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற 12 வோல்ட் மோட்டாரைப் பழைய சாமான் கடையில் வாங்கியிருக்கிறேன். அதற்கு எல்298என் தாங்காது, பெரிய டிரைவர் வர வேண்டும். ஷீட் முழுக்க மூடியதும் நிறுத்துவதற்கு இரண்டு முனையிலும் லிமிட் சுவிட்ச் வைத்தாயிற்று. கயிறு மட்டும் ஈரத்தில் கனத்து வழுக்குகிறது, அதற்கு நைலான் பட்டை தைத்துப் பார்க்கப் போகிறேன்.

கடைசியாக, மலையோரத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. சாரல் காலத்தில் ஜம்பர் வயர் முனையும் சென்சார் காலும் துருப்பிடிக்கும், பிரெட்போர்டு தொடர்பு விட்டுப்போகும். மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் எல்லாவற்றையும் போட்டு, செருப்புப் பெட்டியிலும் மருந்து டப்பாவிலும் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நாலைந்து உள்ளே போட்டு வையுங்கள். லித்தியம் செல்லை மட்டும் அதில் போடாதீர்கள், அதற்குத் தனி பிளாஸ்டிக் டப்பா.